நவக்கிரகமும் சூரியனைச் சுற்றும் கோள்களும்: சைவாசிரியர்க்கு ஒரு பாடம்

சிவமயம்

சில காலத்துக்கு முன் ஒரு சைவப் பாடசாலையிலே நாம் சென்று வகுப்புக்களைப் பார்த்திருந்த பொழுது, ஆறாம் வகுப்பு மாணாக்கனொருவன் எழுந்து தன் ஆசிரியரை நோக்கி, "ஐயா, விஞ்ஞானப் புத்தகத்திலே கிரகம் எட்டு என்று இருக்கிறது, கோயிலிலே ஒன்பது கும்பிடுகிறோம். புத்தகத்திலே சூரியன் கிரகம் இல்லை. கோயிலிலே சூரியன்தான் நடுவில் நிற்கிறார். இதில் எது பொய்?" என்று வினாவினான். ஆசிரியர் சற்றே முகஞ் சிவந்து, "அது வேறு, இது வேறு, இருந்து எழுது" என்றார். பிள்ளை இருந்து எழுதினான். ஆயினும் அவன் முகத்தைக் கண்ட நாம், அவன் மனத்திலே இரண்டிலொன்று அன்றைக்கே பொய்யாகிவிட்டது என்று அறிந்தோம். எது பொய்யாயிற்று என்பதை அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆசிரியர்காள், இவ்வினா புதிதன்று. 1823ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனாரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை ஸ்தாபித்து அதனை நடத்திய காலத்தில், வானசாஸ்திரத்தை ஒரு பாடமாக மாத்திரமன்று, ஓர் ஆயுதமாகவும் கைக்கொண்டார்கள். பூமி உருண்டை என்பதையும், கிரகணம் நிழலால் உண்டாவது என்பதையும் காட்டிவிட்டால், புராணம் பொய்; புராணம் பொய்யாகவே சைவமும் பொய் என்று மாணாக்கர் தாமே முடிவு செய்வர் என்பது அவர் எண்ணம். ஆனால் அவருள் ஒருவராகிய ஹொய்சிங்டன் என்பவரே 1848ஆம் ஆண்டில் இந்துக்களது கணிதமுறையை மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புக்களோடும் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். பூமி உருண்டை என்பது நம்மவர் கணித நூல்களுக்குப் பழைய செய்தி. பூகோளம் என்று நாம் வழங்குஞ் சொல்லே அதற்குச் சான்று. ஆரியபடர் 499ஆம் ஆண்டிலே இயற்றிய நூலிலே, சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதுமே கிரகணம் என்று காட்டியிருக்கின்றார். அன்று நம்மவர் இடர்ப்பட்டது அறிவு இன்மையாலன்று. அறிந்தவர் ஒரு புறமும் கற்பிப்பவர் மறு புறமுமாக நின்றமையாலேயாம். அவ்விடைவெளி இன்றும் நம் வகுப்புக்களில் இருத்தல் தகாது எனக் கருதியே இப்பாடத்தை எழுதப் புகுந்தோம்.

முதற்கண் சொல்லை ஆராய்வாம். கிரகம் என்னும் வடசொல்லுக்குப் பற்றுவது என்பது பொருள். கோள் என்னும் தமிழ்ச்சொல்லும் கொள் என்னும் பகுதியின்வழி வந்து அப்பொருளையே தரும். நட்சத்திரங்கள் ஒன்றற்கொன்று இடம் மாறாது நிற்ப, அவற்றினிடையே நாடோறும் இடம் பெயர்ந்து செல்லுகின்ற ஒளிகளை முன்னோர் கண்டு, அவற்றைக் கிரகம் என்றனர். இவ்விலக்கணப்படி சூரியனும் கிரகம், சந்திரனும் கிரகம். பூமி கிரகமன்று, அதன்மேல் நின்றன்றோ நாம் பார்க்கின்றோம்! இக்கால விஞ்ஞானிகளோ, சூரியனைச் சுற்றி வருவதாய், தன் ஈர்ப்பினாலே உருண்டை வடிவெய்தியதாய், தன் வழியிலே பிற பொருள்களை ஒதுக்கிவிட்டதாய் உள்ளதனையே கோள் என்பர். இவ்விலக்கணம் 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 24ஆந் திகதி சர்வதேச வானியற் சங்கத்தாரால் வகுக்கப்பட்டது. இதன்படி பூமி கோள், சூரியன் நட்சத்திரம், சந்திரன் பூமியின் உபகிரகம். ஒரு சொல்லுக்கு இரண்டு இலக்கணம் வகுத்தால் இரண்டு தொகை வருதல் இயல்பே. எட்டும் மெய், ஒன்பதும் மெய். மேற்கூறிய மாணாக்கனுக்கு முதலிற் சொல்லவேண்டியிருந்த விடை இவ்வளவே. இதனைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

இனிச் சூரியனைச் சுற்றும் குடும்பத்தை நோக்குவாம். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுறேனஸ், நெப்தியூன் என்னும் எட்டும் இந்த முறையே சூரியனுக்கு அணிமையினின்று சேய்மையை நோக்கி நிற்கின்றன. இவற்றின் பெயரை மனனஞ் செய்விப்பது எளிது. அளவை உணர்த்துவது அரிது. புத்தகத்திலே ஒரு பக்கத்துள் எட்டையும் அடக்கி வரைந்த படம், பிள்ளைகளுக்கு உதவி செய்வதிலும் பார்க்க அபகாரஞ் செய்வதே மிகுதி. ஆகையால் நாம் கையாண்டு பயன் கண்ட ஒரு முறையை ஈண்டுச் சொல்லுகின்றோம்.

உரித்த பெரிய தேங்காயொன்றை, பதினான்கு சதமமீற்றர் குறுக்களவுள்ளதாகத் தெரிந்து, பாடசாலைக் கிணற்றுக்கட்டிலே வையுங்கள். அது சூரியன். சூரியனுடைய மெய்யான குறுக்களவு ஏறக்குறைய 13,92,000 கிலோமீற்றர். ஆயிரங் கோடியில் ஒரு பங்காக அதனைச் சுருக்கிவிட்டோம். அங்கிருந்து ஆறு மீற்றர் நடந்து ஒரு மணற்பரலை வையுங்கள், அது புதன். பதினொரு மீற்றரிலே ஒரு சிறு கடுகு வெள்ளி. பதினைந்து மீற்றரிலே மற்றொரு கடுகு நாம் வாழும் பூமி. அதற்கு நான்கு சதமமீற்றர் அப்பால், இரண்டு விரல் வைக்கும் இடத்திலே, கடுகிற் காற்பங்கான ஒரு துகள் சந்திரன். மனிதர் இதுகாறும் பூமியை விட்டுச் சென்ற பயணங்களெல்லாம் இந்த இரண்டு விரற்கிடை அளவினவே என்று சொல்லும்பொழுது பிள்ளைகள் தேங்காயையும் கடுகையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். இருபத்துமூன்று மீற்றரிலே ஒரு கசகசா விதை செவ்வாய். இதன்பின் நடை நீளும். எழுபத்தெட்டு மீற்றரிலே ஒரு சுண்டங்காய் வியாழன். நூற்றுநாற்பத்துமூன்று மீற்றரிலே அதனிற் சிறிது சிறுத்த மற்றொரு சுண்டங்காய் சனி. இருநூற்றெண்பத்தேழு மீற்றரிலே ஓர் உழுத்தம்பருப்பு யுறேனஸ். நானூற்றைம்பது மீற்றரிலே மற்றோர் உழுத்தம்பருப்பு நெப்தியூன். பல ஊர்களில் இஃது பாடசாலை வேலியைக் கடந்து, ஒழுங்கையைக் கடந்து, யாரேனும் ஒருவர் பனங்காணிக்குள்ளே போய் முடியும். முன்னரே அவரிடம் ஒரு சொற் சொல்லிவைப்பது நன்று. அங்கே நின்று திரும்பிப் பார்த்தாற் தேங்காய் கண்ணுக்குப் புலப்படாது. அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைப்பது என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். நாலாயிரங் கிலோமீற்றருக்கு அப்பால், இலங்கைத் தீவின் நீளத்தில் ஒன்பது மடங்கிற்கும் அதிகமான தூரத்திலே, என்று விடை சொல்லுங்கள்.

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள மெய்யான தூரம் 14 கோடியே 96 இலட்சம் கிலோமீற்றர்; ஒளி அதனைக் கடக்க எட்டு நிமிஷமும் ஏறக்குறைய இருபது விநாடியும் செல்லும். இக்குடும்பத்தின் முழுப் பொருளையும் ஒரு தராசில் இடக்கூடுமாயின், நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேலாகச் சூரியனே நிற்கும். எஞ்சியதிலே பெரும்பகுதி வியாழன். அக்கோள் ஒன்றே மற்றை ஏழையும் கூட்டியதிலும் இரண்டு மடங்கிற்கு மேற்பட்ட நிறையுடையது. கோள்கள் ஏன் சூரியனிற் போய் விழவில்லை என்று பிள்ளைகள் கேட்பர். அவை விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் பக்கமாகவும் மிகுந்த வேகத்தோடு ஓடுகின்றமையால் விழுகை வட்டமாக வளைந்துவிடுகின்றது என்பதே விடை. பூமி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் ஓடுகின்றது. கெப்ளர் என்பவர் 1609ஆம் ஆண்டிலே இவ்வழிகள் நிறைவட்டமல்ல, நீள்வட்டம் என்று கண்டார். நியூட்டன் 1687ஆம் ஆண்டிலே அதற்குக் காரணமாகிய ஈர்ப்பின் விதியை வெளியிட்டார்.

கோள்கள் ஒவ்வொன்றின் இயல்பும் புத்தகங்களிலே இருத்தலின் அவற்றைச் சுருக்கியே கூறுவோம். புதனுக்கு ஆண்டு நம் 88 நாள். காற்றில்லாமையால் பகலில் 430 பாகை வெப்பமும் இரவில் பூச்சியத்தின் கீழ் 180 பாகைக் குளிரும் மாறி மாறி வரும். வெள்ளி கண்ணுக்கு அழகியது, அடைந்தால் நரகம். கரியமிலவாயுவே நிறைந்த அதன் வாயுமண்டலம் போர்வையாகி வெப்பத்தைப் பிடித்துவைத்தலால், நிலம் 460 பாகைக்கு மேற் கொதிக்கின்றது, ஈயம் உருகிப்போம். அது மறுதலையாகச் சுழலுகின்றமையால் அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். செவ்வாயின் செந்நிறம் இரும்புத் துருவின் நிறம். முன்னோர் கண்ணாற் கண்டு செவ்வாய் என்று பெயரிட்டது முழுதும் பொருந்தும். பாரத நாட்டார் 2013ஆம் ஆண்டு நவம்பரில் ஏவிய மங்கள்யான் 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் அதனைச் சென்று சுற்றியது. அந்நாட்டாரது சந்திரயான் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆந் திகதி சந்திரனின் தென்பாகத்தில் இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்று பெயரிடப்பட்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், மகிழ்வார்கள்.

வியாழனும் சனியும் மண்ணாலும் கல்லாலும் ஆனவையல்ல. பெரும்பாலும் ஐதரசன், ஈலியம் என்னும் வாயுக்களாலானவை. சனி தன் பருமனுக்கு நிறை குறைந்தது, நீரினும் இலேசானது. 1610ஆம் ஆண்டு ஜனவரியிலே கலிலியோ தம் தொலைநோக்குக் கண்ணாடியால் வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரர்களைக் கண்டார். எல்லாம் பூமியையே சுற்றவேண்டும் என்ற பழைய கொள்கைக்கு அந்நான்கு சிறு புள்ளிகளும் கேடாயின. சனியின் வளையத்தையும் அவர் கண்டார், இன்னதென்று அறிந்திலர். ஹைகன்ஸ் என்பவரே பின்னர் 1659ஆம் ஆண்டில் அது வளையம் என்று விளக்கி வெளியிட்டார். சனிக்கு 2025ஆம் ஆண்டிலே எண்ணிய கணக்கின்படி 274 உபகிரகங்கள் உள. யுறேனஸ் 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி ஹேர்ஷெல் என்பவராற் காணப்பட்டது. நெப்தியூன் கண்ணாற் காணப்படுமுன் கணக்காற் காணப்பட்டது: யுறேனஸ் தன் கணித்த வழியினின்றும் சிறிது விலகுவதைக் கொண்டு லெவெரியே என்னும் பிரெஞ்சுக் கணிதர் மறைந்து நின்று இழுக்கும் ஒன்றன் இடத்தைக் கணித்து எழுத, 1846ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி பேர்லினிலே அவ்விடத்துக்கு மிக அண்மையில் அது தோன்றியது. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு ஏறக்குறைய 165 வருஷம் வேண்டும். கண்டறியப்பட்ட பின் முதற் சுற்றை 2011ஆம் ஆண்டிலேதான் முடித்தது.

இனி நம் மாணாக்கர் வீட்டிலேயே இருக்கின்ற ஒரு வானசாஸ்திரப் புத்தகத்துக்கு வருவோம். அது பஞ்சாங்கம். வாக்கியமாயினும் திருக்கணிதமாயினும் ஒன்று எல்லார் வீட்டிலும் தொங்கும். இரண்டும் பெயர்ச்சித் திகதியில் வேறுபடும். அவ்வழக்கை இங்கே எடுக்க நாம் விரும்பவில்லை. பிள்ளைகளிடம் கேளுங்கள்: வியாழன் எத்தனை காலத்துக்கு ஒருமுறை இராசி மாறும்? ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு ஒருமுறை என்பர். இராசி பன்னிரண்டு, ஆகவே ஒரு முழுச்சுற்றுக்குப் பன்னிரண்டு வருஷம். விஞ்ஞானப் புத்தகத்திலே வியாழனின் சுற்றுக்காலம் 11.86 வருஷம் என்று இருப்பதைக் காட்டுங்கள். சனி இரண்டரை வருஷம், பன்னிரண்டால் பெருக்க முப்பது, புத்தகத்தில் 29.46. ஏழரைச்சனி என்பது சந்திரனிருந்த இராசிக்கு முன்னும் பின்னும் அவ்விராசியுமாகிய மூன்றையும் சனி கடக்கும் காலம், மும்முறை இரண்டரை. பாட்டி சொல்லுகின்ற ஏழரையும் தொலைநோக்காளர் சொல்லுகின்ற 29.46உம் ஒரே ஓட்டத்தின் இரண்டு கணக்கு. நம் அறுபது வருஷச் சக்கரமும் இங்ஙனமே. அதனுள் வியாழன் ஐந்து சுற்றையும் சனி இரண்டு சுற்றையும் ஏறக்குறைய முடிக்கும். இவ்விரண்டும் ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு ஒருமுறை கூடும். 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி மாலையிலே அவை ஒரு பாகையிற் பத்திலொரு பங்குக்கு அணுகி நின்றதை மேற்கு வானத்தில் கண்டவர் பலர் நம்முள் உளர்.

மந்தன் என்றும் சனைச்சரன் என்றும் சனிக்குப் பெயர். சனைச்சரன் என்பதற்கு மெல்லச் செல்பவன் என்பதே பொருள். சனீஸ்வரன் என வழங்குவது அதன் திரிபு. பெயரிட்டவர் அச்சத்தினாலன்று, அளந்து பார்த்தே பெயரிட்டனர்.

புதன், வெள்ளி இரண்டுக்கும் இக்கணக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதைக் காட்டுவது அதனினும் நல்ல பாடம். அவை பூமியினும் சூரியனுக்கு அணித்தாகச் சுற்றுதலால், நம் கண்ணுக்குச் சூரியனை விட்டு வெகுதூரம் விலகமாட்டா. புதன் 28 பாகைக்கும் வெள்ளி 47 பாகைக்கும் மேற் செல்லா. ஆதலால் எவருடைய சாதகத்தை எடுத்தாலும், புதன் சூரியனிருக்கும் இராசியிலோ அடுத்த இராசியிலோ இருக்கும். வெள்ளி இரண்டு இராசிக்கு அப்பாற் போகாது. சூரியனுக்கு ஏழாமிடத்திலே புதனை எழுதிய ஓலையை ஒருவர் கொண்டுவருவாராயின், பலன் கேளாமலே கணிதம் பிழை என்று சொல்லிவிடலாம். விடிவெள்ளியாகவும் மாலைவெள்ளியாகவும் மாத்திரம் சுக்கிரன் தோன்றுவதும், நள்ளிரவிலே உச்சியில் ஒருநாளும் தோன்றாமையும் இக்காரணத்தினாலேயே. பஞ்சாங்கத்திலே வக்கிரம் என்று குறிப்பதும் இவ்வாறே விளங்கும். இரண்டு வண்டி ஒரே திசையிற் செல்ல, விரைவாகச் செல்லும் வண்டியிலிருப்பவன் மற்றையதைக் கடக்கும்பொழுது அது பின்னோக்கிப் போவதுபோலக் காண்பான் அன்றோ? பூமி உள்வழியில் விரைந்து சென்று செவ்வாயைக் கடக்கின்ற ஒவ்வொரு முறையும், ஏறக்குறைய இருபத்தாறு மாதத்துக்கு ஒருதரம், செவ்வாய் வக்கிரிக்கும். அது திரும்பி நடப்பதில்லை, நாம் முந்துகின்றோம்.

வாரத்தின் முறையும் ஒரு சிறு கணக்கே. முன்னோர் ஏழையும் ஓட்டம் மெல்லியது முதலாக, சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என நிரைப்படுத்தினர். ஒரு நாளின் இருபத்துநான்கு ஓரைக்கும் இவற்றை முறையே வைத்துச் செல்லுங்கள். சனிக்கிழமை முதலோரை சனிக்காயின், இருபத்தைந்தாம் ஓரை, அதாவது மறுநாள் முதலோரை, சூரியனுக்கு வரும், ஆகவே ஞாயிறு. மேலும் எண்ணினால் அடுத்த நாள் திங்கள். ஏழு நாளும் பிழையாது வரும். ஓரை என்னுஞ் சொல் யவனரிடமிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நல்லதை எவரிடமிருந்தும் கொள்வது நம் கணிதர் வழக்கம்.

இராகு கேதுக்களைப் பற்றி விரித்துரைப்பாம். ஆசிரியர் பலர் தடுமாறும் இடம் இதுவே. சிலர், பழைய புத்தகத்திலே ஒன்பது கோள் இருந்தமையால் மனமகிழ்ந்து, யுறேனஸும் நெப்தியூனுமே இராகு கேது என்று கற்பித்ததை நாம் நேரிற் கேட்டிருக்கின்றோம். இது முழுப்பிழை. யுறேனஸ் ஒரு சுற்றுக்கு 84 வருஷம் எடுக்கும். இராகுவோ ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் இடமாகப் பின்னோக்கி, இராசி மாறும். நூல்கள் இவற்றைச் சாயாக் கிரகம் என்றே சொல்லும்; இவை பொருளல்ல, இடம். சூரியன் செல்லும் வீதிக்குச் சந்திரன் செல்லும் வீதி ஏறக்குறைய ஐந்து பாகை சரிந்துள்ளது. இரண்டு வீதியும் வெட்டுகின்ற இரண்டு சந்திகளுள் சந்திரன் வடக்கே ஏறுஞ் சந்தி இராகு. தெற்கே இறங்குஞ் சந்தி கேது. அவை எதிரெதிரே நிற்பதனாலேதான் பெயர்ச்சியும் இரண்டுக்கும் ஒரே நாளில் வருகின்றது. அச்சந்திகள் 18.6 வருஷத்திலே ஒருமுறை பின்னோக்கிச் சுழலும். அமாவாசையோ பூரணையோ இச்சந்திக்கு அண்மையில் நேர்ந்தாலன்றிக் கிரகணம் வாராது. மாதந்தோறும் கிரகணம் உண்டாகாமைக்கு இதுவே காரணம். இராகு பிடிக்கின்றது என்று பாமரர் சொல்லும் மொழியும், சந்தியில் நிகழ்கின்றது என்று கணிதர் சொல்லும் மொழியும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. 2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதியும் 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதியும் யாழ்ப்பாணத்திலே கங்கணமாகத் தோன்றிய சூரியகிரகணங்கள் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு கயிற்று வளையங்களைச் சரித்துப் பிடித்து இதனைக் காட்டுவது அரைமணி நேர வேலை.

மற்றொரு பிழை இதற்கு எதிர்ப்புறத்தது. நவக்கிரக மேடையிலே சூரியன் நடுவில் நிற்பதைக் காட்டி, சூரியனைக் கோள்கள் சுற்றுவதை நம்மவர் அன்றே கண்டனர் என்று மேடைகளிற் பேசுவோர் உளர். கைதட்டுக் கிடைக்கும், உண்மை கிடையாது. அங்கே சந்திரனும் இராகு கேதுக்களும் அவ்வாறே சூழ நிற்கின்றனரே. பூமி அங்கே இல்லையே. ஆரியபடர் பூமி தன்னைத்தான் சுழலுகின்றது என்றார். ஓடத்திற் செல்வோனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோல என்று உவமையும் காட்டினார். அது பெருமை. அவர் பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்றாரில்லை. உள்ள பெருமை போதியதாயிருக்க இல்லாததைக் கூட்டிச் சொல்வது, பிள்ளை வளர்ந்து உண்மையறியும் நாளிலே உள்ளதையும் சேர்த்து இழப்பதற்கே வழியாகும்.

ஆயின் வழிபாடு என்னாவது? நவக்கிரகங்களை நாம் சுதந்தரராகிய கடவுளரெனக் கொள்வதில்லை என்பது சைவசித்தாந்திகளாகிய நமக்குப் புதிதன்று. மாயையினின்று தோன்றிய சடப்பொருள்கள் தாமே ஒருவனுக்கு இன்பதுன்பம் ஊட்டமாட்டா. கன்மத்தை ஊட்டுவிப்பவன் சிவனே. சூரிய சந்திரர் அவனது அட்டமூர்த்தத்துள் வைத்தெண்ணப்படுவர். திருநாவுக்கரசு நாயனார் கோள்களின் நிலை நன்றன்று என்று தடுத்தபோது, திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கோளறு திருப்பதிகம் அருளிச்செய்து திருமறைக்காட்டினின்று மதுரைக்கு எழுந்தருளினர். கோள் இல்லை என்றாரில்லை. ஒன்பதையும் எண்ணிய பின்னரே அவை அடியாரை வருத்தா என்றார். வெள்ளியிலே ஈயம் உருகும் என்று அறிந்த பிள்ளை அப்பதிகத்தைப் பாடுதற்கு யாதொரு தடையும் நாம் காணவில்லை. செவ்வாய்தோஷம் என்று ஒரு பெண்ணின் வாழ்வைத் தடுத்து வைப்போர்க்கும் அப்பதிகத்தையே படிக்கக் கொடுப்போம்.

எஞ்சிய சிறு பொருள்களைக் கூறுவாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணிறந்த சிறுகோள்கள் உள. அவற்றுட் பெரியதாகிய சீரிஸை 1801ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பியாசி என்பவர் பலேர்மோ நகரிற் கண்டார். அதன் குறுக்களவு ஏறக்குறைய 940 கிலோமீற்றர். எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தாலும் நம் சந்திரனிற் சிறுபங்கே ஆகும். நெப்தியூனுக்கு அப்பால் உறைந்த பொருள்களாலாகிய ஒரு வளையம் உளது, புளூட்டோ அவ்விடத்தது. 1930ஆம் ஆண்டில் ரொம்போ என்பவரால் அது காணப்பட்டு, எழுபத்தாறு வருஷம் ஒன்பதாங் கோளாகப் புத்தகங்களில் நின்றது. அதனையொத்த பருமனுடைய ஏரிஸ் 2005ஆம் ஆண்டிலே கண்டறியப்பட, இரண்டையும் கோளென்பதா, இரண்டையும் விடுவதா என்னும் வழக்கெழுந்து, 2006ஆம் ஆண்டில் இரண்டும் குறுங்கோள் என்று தீர்ந்தது. பொருள் மாறவில்லை, வகுப்பு மாறிற்று. பழைய படத்தைச் சுவரில் வைத்திருக்கும் பாடசாலைகள் அதனைக் கழற்ற வேண்டுவதில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பெழுதி ஒட்டிவிட்டால் விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையைப் பிள்ளைகள் அதனிலேயே காண்பர்.

தூமகேது என்றும் வால்வெள்ளி என்றும் வழங்குவன பனிக்கட்டியும் தூசியும் கலந்த உருண்டைகள். சூரியனை அணுகுங்கால் ஆவியும் தூசியும் எழுந்து வாலாகும். வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீளும். ஆகையால் சூரியனை விட்டகலும்பொழுது வால் முன்னே செல்லும். ஹலியின் வால்வெள்ளி 1910ஆம் ஆண்டிலும் 1986ஆம் ஆண்டிலும் வந்தது; 2061ஆம் ஆண்டில் மீண்டும் வரும். இன்று நம் முன்னே இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதனைத் தம் பிள்ளைகளோடு காண்பர்.

எரிவெள்ளி வீழ்வது நட்சத்திரம் வீழ்வதன்று. கடுகளவான துகள் நம் வாயுமண்டலத்திற் புகுந்து எரிவதே. டிசெம்பர் 13, 14ஆந் திகதி இரவுகளிலே மிதுனராசிப் பக்கத்தினின்று அவை மிகுதியாகப் புறப்படும். கார்த்திகை மாதக் கடைசியாதலால் மழைமுகில் இடையூறு செய்யக்கூடும். முகில் மறைத்தாலும் கவலையில்லை. திருவெம்பாவைக் காலத்திலே பிள்ளைகள் சங்கும் சேமக்கலமும் ஒலித்துக்கொண்டு வைகறையிற் கோயிலுக்குச் செல்வார்கள். அவ்வேளை எந்தெந்தக் கோள் கீழ்வானில் நிற்கும் என்று அவ்வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து முதல்நாட் பாடத்திலே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். வெளிச்சம் வருமுன் வீதிமுனையில் ஒரு கணம் நின்று பார்த்து, மறுநாள் எந்த ஒளி மின்னியது, எது மின்னாது நின்றது என்று அவர்களே வந்து சொல்வார்கள்.